திருவீதிகள் வளர்த்த மக்கள்

திருவரங்கத்தில் வாழும் ஒருவர் தம் இல்லம் இருக்குமிடத்தை உரைக்குங்கால், "கீழச் சித்திரை வீதி" என்றோ, "வடக்கு உத்தர வீதி" என்றோ கூறுவர். சித்திரை என்பது ஆளின் பெயரன்று, திங்களின் பெயர். சித்திரைத் திருநாளில் நம்பெருமாள் தேரேறி எழுந்தருளும் வீதியாதலின் அது சித்திரை வீதி ஆயிற்று. உத்தராயணத்தின் தொடக்கமாகிய தைத் திங்களில் தேர் ஓடும் வீதி உத்தர வீதி ஆயிற்று. ஆகவே அவ்வூரில் ஒருவருடைய முகவரியே ஒரு திருநாளின் பெயராக அமைந்துள்ளது. அஞ்சற்காரர் கடிதம் கொணர்வதும் அப்பெயரால். பள்ளிச் சிறுவன் தன் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வதும் அப்பெயரால்.

இச்சிறு செய்தியில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. கல்லும் மரமும் கருவியும் மனிதன் ஆக்கியவை. ஆயினும் ஆக்கியபின் அவை வாளா இருப்பதில்லை. அவன் விழித்தெழும் நேரம், நடக்கும் வழி, கூடும் இடம், வழங்கும் சொல், தன்னை இன்னான் என்று உணரும் உணர்வு ஆகிய யாவற்றையும் அவை மெல்ல மெல்ல வகுத்துவிடுகின்றன. இவ்வுண்மையைத் திருவரங்கத் திருப்பதியின் வாயிலாக ஆராய்வதும், புதிய கருவிகள் பெருகியுள்ள இந்நாளில் எதைக் கொள்வது, எதைக் காப்பது என்பதற்கு ஓர் உரைகல் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் அணையும்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த தீவு. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே கல்லணையருகே இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. இவ்வமைப்பு இயற்கையின் கொடை. எனினும் அது இன்றளவும் நிலைத்திருப்பதற்கு மனிதனின் தொழில்நுட்பமும் காரணமாகும்.

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையினும் தாழ்ந்தது. அதனால் வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே ஓடிக் கடல்சேர, காவிரி மணல் மேடிட்டு நீர் குன்றியது. அக்குறை தீரப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பத் தொடங்கினார். பின்னர் 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அதன்பின் காவிரியில் நீர் வருவதும் வாராமையும் மதகுகளின் கையில் ஆயிற்று.

இதனால் மாறியது வேளாண்மை மட்டுமன்று. ஆடிப்பெருக்கன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்திற்கு எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் அளிப்பது வழக்கம். ஐப்பசித் துலா மாதத்தில் திருமஞ்சனத் தீர்த்தம் காவிரியிலிருந்து பொற்குடத்தில் யானைமீது வருவது வழக்கம். மேட்டூரில் மதகு திறவாத ஆண்டில் ஆடிப்பெருக்குக்கு வந்தோர் மணலைக் கண்டு வணங்கி மீண்டதும் உண்டு. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தபோது, கரையோர மக்கள் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்ந்தனர். தங்கள் நிலமும் நீரும் மட்டுமல்ல, தங்கள் திருநாட்களும் ஒரு நூற்றெண்பதாண்டுக் கட்டுமானத்தின்மேல் நின்றுகொண்டிருந்தன என்பதே அது.

வீதிகளின் வகுப்பு

ஏழு திருமதில்களும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்டு ஏறத்தாழ 156 ஏக்கர் பரப்பில் திகழ்வது திருவரங்கத் திருக்கோயில். பிற ஊர்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். ஈண்டுக் கோயிலுக்குள் ஊர் இருக்கிறது. உள்ளிருக்கும் திருச்சுற்றுக்களுக்குத் தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன் என்னும் பெயர்கள் மரபில் வழங்குகின்றன. இவற்றுள் ஆலிநாடன் என்றது திருமங்கையாழ்வாரை. கோயிலை வலம்வரும் அடியவர் அரசரையும் ஆழ்வாரையும் அடிகளாலேயே கடந்து செல்கின்றனர். ஏட்டைப் புரட்டிக் கற்கவேண்டிய வரலாற்றைக் கால்களால் நடந்து கற்குமாறு அமைத்துள்ளனர் முன்னோர்.

அளவுகளும் இவ்வாறே. சிற்ப நூல்கள் கூறும் அங்குலம், சாண், முழம், தாளம் என்பன மனித உடலிலிருந்து எடுத்த அளவைகள். சோழர் காலத்துக் கோயில்கள் பலவற்றின் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளம் கோடாக வெட்டப்பட்டுள்ளதை இன்றும் காணலாம். வயலின் எல்லையில் வழக்கு எழுந்தால், கோயிற்சுவரே சான்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மீட்டர் அளவை நாடெங்கும் பரவிற்று. அதனால் கணக்கு எளிதாயிற்று, வாணிகம் வளர்ந்தது. ஆயினும் தன் கையை நீட்டி முழம்போட்ட மனிதன், தன் உடலும் கோயிலின் தூணும் ஒரே அளவையால் ஆனவை என்று கொண்டிருந்த உறவு தளர்ந்தது.

வீதியின் அகலமும் உடலுக்குப் பயிற்சி அளிப்பது. நம்பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம்தாங்கிகள் சிம்மகதி, சர்ப்பகதி முதலான நடைகளை நடந்து காட்டுவர். தோளில் பாரம் தாங்கிப் பலர் ஒருவராய் அசையும் அந்நடைக்கு இடம்விட்டே சுற்றுக்கள் அமைந்துள்ளன. ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 953 தூண்களே உள்ளன என்பர். அம்மண்டபத்தில் இராப்பத்துத் திருநாளில் கூடும் கோஷ்டிக்கும் அரையர் சேவைக்கும் அம்மண்டபமே அரங்கு. இடம் இருந்தமையால் கலை நின்றது; கலை நின்றமையால் அதைப் பயிலும் குடும்பங்கள் நின்றன. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலிய தலங்களில் அரையர் சேவை இன்றும் நிலவுவதற்கு இது ஒரு காரணமாகும்.

தேரும் வடமும்

கட்டடக்கலையும் கருவிநுட்பமும் ஒருங்கே கூடிய படைப்பு தேர். அது நடமாடும் கோயில். அதன் அகலமே வீதியின் அகலத்தை வகுத்தது. அது திரும்பும் இடமே வீதிமுனையை விரித்தது. தேரோட்டத்திற்கு முன்பு வீதியில் நீட்டிய பந்தல்களையும் சாய்ப்புக்களையும் எடுத்துவிடுவது எல்லா ஊர்களிலும் வழக்கம். ஆண்டுக்கொருமுறை வரும் தேர், ஆண்டு முழுவதும் வீதியை வீதியாகவே காத்தது. எழுதப்பட்ட நகராட்சி விதிகளுக்கு முன்பே தேர் ஒரு விதியாய் விளங்கிற்று.

தேருக்கு இழுவிசை மக்களின் கை. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை. சக்கரத்தின் முன்னே கட்டையைச் சற்றே சாய்த்து இட்டால் தேர் அப்பக்கம் திரும்பும். நேரே இட்டால் நிற்கும். உருளும் சக்கரத்தின் அருகே குனிந்து, கணநேரத்தில் கட்டையை இட்டு, கணநேரத்தில் கையை எடுக்கும் தச்சர்களின் திறன் எந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தந்தை மகனுக்குக் காட்டி, மகன் தன் மகனுக்குக் காட்டி வந்தது அது. "முட்டுக்கட்டை போடுதல்", "நிலைக்கு வருதல்", "ஊர் கூடித் தேர் இழுத்தல்" என்னும் வழக்குகள் தேரைக் காணாதோர் வாயிலும் இன்று வழங்குகின்றன. கருவி மொழிக்குள் புகுந்து, மொழி சிந்தனைக்குள் புகுந்தமைக்கு இவை சான்றாகும்.

ஒரு குடும்பத்தாலோ ஒரு தெருவாலோ இழுக்க முடியாத பாரமாகத் தேர் அமைந்திருப்பது எண்ணற்பாலது. எடை குறைந்த தேரைச் செய்யத் தச்சர் அறியாதவர் அல்லர். செல்வர் ஒருவர் தம் ஆட்களைக் கொண்டே இழுத்துவிடத்தக்க தேராக இருந்திருந்தால், அயலூர் மக்கள் வந்திருக்கமாட்டார்கள். 1383ஆம் ஆண்டில் விருப்பண்ண உடையார் ஏற்படுத்தினார் என்று கோயில் மரபு கூறும் சித்திரைத் திருநாள் இன்றும் விருப்பன் திருநாள் என்றே வழங்கும். சுற்றுக் கிராமத்து உழவர் மக்கள் திரளாக வந்து வடம் பிடிப்பது அத்திருநாளில்தான். வடத்தின் நீளமே அவர்களுக்கு இடம் தந்தது.

இக்காலத்தில் தேருக்குப் புதிய நுட்பங்கள் வந்துள்ளன. பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சி ஆலை பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்களையும் அச்சுக்களையும் செய்தளித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் மரச்சக்கரத்தில் ஓடிய நாட்களில் நிலைக்கு வருவதற்குப் பல நாட்கள் ஆனதுண்டு. இரும்புச் சக்கரம் பூட்டியபின் அன்றைக்கே நிலைக்கு வருகிறது. சக்கரம் முறிந்தமையால் ஓடாதிருந்த தேர்கள் ஓடின. சக்கரத்தின்கீழ்க் கை இழந்தோர் தொகையும் குறைந்தது. இது நன்றேயாகும். வடம் பிடிக்கும் கைகளை இம்மாற்றம் அகற்றவில்லை. அவற்றின் உழைப்பு பயன் தரும்படி செய்தது. ஆனால் சில ஊர்களில் பின்னிருந்து தேரைத் தள்ளுவதற்கு மண்வாரி இயந்திரத்தைக் கொணர்கின்றனர். அப்போது தேர் ஓடுகிறது, வடமும் இருக்கிறது, அதைப் பிடித்தோர் கையில் பாரம் மட்டும் இல்லை. பாரம் இல்லாத கை நெடுநாள் வடத்தில் நிற்காது என்பது உணரற்பாலது.

ஒரு நுட்பம் மற்றொன்றை அறியாமல் அமைவதால் வரும் கேடும் உண்டு. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சை மாவட்டம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் உயிர் நீத்தனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். தேரின் உயரத்தை வீதி அறியும். வீதிக்குக் குறுக்கே சென்ற கம்பி அதை அறியவில்லை. பழைய அமைப்பின் அளவுகளைக் கேட்டறியாமல் புதிய அமைப்பை நிறுவுதல் உயிருக்கே இறுதியாய் முடியும் என்பதை இதனினும் கொடுமையாக எடுத்துரைக்கும் செய்தி பிறிதில்லை.

திண்ணை

வீதிக்கும் இல்லத்திற்கும் இடையே நின்றது திண்ணை. அது வீடும் அன்று, தெருவும் அன்று, இரண்டுக்கும் பொது. பழைய திருவீதி இல்லங்கள் அகலம் குறைந்து நீளம் மிகுந்து, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு செல்வன. அயல்வீட்டுச் சுவரே தன் வீட்டுச் சுவர். அத்திண்ணையில்தான் முதியோர் காலக்ஷேபம் கேட்டனர். சிறுவர் சந்தை சொல்லினர். வழிப்போக்கர் இரவில் உறங்கினர். பெருமாள் எழுந்தருளும்போது தட்டெடுத்து நிற்பதும் அதன் கீழ்ப்படியில்தான். முன்பின் அறியாத ஒருவர் வந்து அமர்ந்தால், "யார்?" என்று வினவுவதற்கு முன் "தீர்த்தம் வேண்டுமா?" என்று வினவும் பண்பைத் திண்ணை வளர்த்தது.

மின்விசிறி வந்ததும் காற்றுக்காக வெளியே வருதல் குறைந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் வந்ததும் கூடத்திலேயே மாலை கழிந்தது. ஊர்திகள் பெருகியதும் வீதியின் தூசும் ஓசையும் தாங்கவொண்ணாமல் கம்பிக் கதவு வந்தது. பின்னர் அக்கதவுக்குள் ஊர்தியே நின்றது. அடுக்குமாடி இல்லம் எழுந்தபோது திண்ணை வரைபடத்திலேயே இல்லை. இவற்றுள் ஒன்றும் தீய எண்ணத்தால் செய்யப்பட்டதன்று. முதியவருக்குக் காற்றும் மாதர்க்குப் பாதுகாப்பும் நல்லவையே. எனினும் ஒவ்வொரு நன்மையும் தனித்தனியே வந்து சேர, அவற்றின் கூட்டுப் பயனாகப் பொதுவிடம் ஒன்று மறைந்தது. அதனோடு அதில் நிகழ்ந்த கல்வியும் விருந்தோம்பலும் மறைந்தன.

வாசலின் இருமுகம்

பழைய அமைப்பைப் போற்றுங்கால் அதன் குறையை மறைத்தல் முறையன்று. மதில் காப்பதும் உண்டு, விலக்குவதும் உண்டு. வீதியில் இன்னார் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது என்ற தடை நெடுங்காலம் நிலவியது. கட்டடம் மனிதனை வளர்க்கும் என்றால், விலக்கும் கட்டடம் விலக்கும் மனத்தையும், விலக்கப்பட்டோர் உள்ளத்தில் ஆறாப் புண்ணையும் வளர்க்கும் என்பதும் உண்மையேயாகும்.

வைணவ மரபே இதற்கு மறுமொழியும் தந்துள்ளது. பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். கோயிலினுள் அவருக்கு வழி இல்லை. நீர்க்குடத்துடன் வந்த லோகசாரங்க முனிவர் அவரை விலக்கக் கல்லெறிய, அக்காயத்தின் குருதி பெருமாள் திருநெற்றியில் காணப்பட்டது என்பர். அம்முனிவரே எம்பெருமான் ஆணைப்படி ஆழ்வாரைத் தோளில் சுமந்து உட்புகுந்தார். கல்லெறிந்த கையின் தோளே வாசலாயிற்று. திருக்கோட்டியூரில் பதினெட்டுமுறை நடந்து பெற்ற மறைபொருளை இராமாநுசர் கோயிலின் உயர்ந்த நிலையில் ஏறி நின்று யாவர்க்கும் உரைத்தார் என்பதும் யாவரும் அறிந்த வரலாறு. உயரம் என்பது சிலரைப் பிரித்து வைப்பதற்கன்று. குரல் நெடுந்தொலைவு சென்று சேர்வதற்கே என்று அவர் காட்டினார்.

இம்மறுமொழி இருந்தும் கதவு திறப்பதற்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமும் வேண்டியிருந்தன. ஆகவே எந்த அமைப்பையும் "பழையது" என்னும் ஒரே காரணத்தால் காப்பதும் தகாது. எத்துணைக் கைகளுக்கு அது இடம் தந்தது, எத்துணைக் கைகளை அது தள்ளியது என்று கேட்டே காத்தல் வேண்டும்.

கோயில் இல்லாத நாற்பத்தெட்டு ஆண்டுகள்

கட்டடமே மனிதனை ஆக்குகிறது என்றால், கட்டடம் பறிபோன காலத்தில் அம்மனிதன் யாதாவான்? திருவரங்க வரலாறு இவ்வினாவுக்கும் விடை தருகிறது.

1323ஆம் ஆண்டில் டில்லிப் படையெடுப்பு நேர்ந்தபோது, மூலவர் சந்நிதியைக் கல்திரையிட்டு மறைத்துவிட்டு, பிள்ளை லோகாசாரியர் முதலானோர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினர். முதுமையில் காடும் மேடும் கடந்த லோகாசாரியர் மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். நம்பெருமாள் மலையாள நாடு, திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் எழுந்தருளியிருந்து, விசயநகரத்து அதிகாரி கோபணாரியரின் முயற்சியால் 1371ஆம் ஆண்டில் திருவரங்கம் மீண்டார். இடைப்பட்டவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

மீண்டபோது ஓர் இடர் எழுந்தது. அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. சென்றபோது கண்டிருந்தோர் பலரும் மாண்டுவிட்டனர். வந்தவர் பழைய பெருமாள்தாம் என்று சான்று கூறுவோர் இல்லை. கல்வெட்டும் உதவவில்லை, கோபுரமும் உதவவில்லை. அப்போது பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைக்கும் கைங்கரியம் செய்திருந்த முதியவர் ஒருவர் எஞ்சியிருந்தார். அக்கைங்கரியபரரை ஈரங்கொல்லி என்பது கோயில் வழக்கு. அவருக்குக் கண்ணொளியும் இல்லை. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தமக்குத் தருமாறு அவர் வேண்டினார். அதனைப் பருகி, மணத்தாலும் சுவையாலும் உணர்ந்து, "இவரே நம் பெருமாள்" என்று அவர் அறுதியிட்டார். நம்பெருமாள் என்னும் திருநாமம் நிலைத்ததும் அதனால் என்று கோயில் வரலாறு கூறும்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குதல் தகும். கோயிலின் அடையாளம் எங்கே காக்கப்பட்டிருந்தது? மதிலில் அன்று, செப்பேட்டில் அன்று, அன்றாடம் ஆடை துவைத்த ஓர் எளிய மனிதரின் நாவிலும் நாசியிலும் அது காக்கப்பட்டிருந்தது. கோயில் இருந்தமையால் அக்கைங்கரியம் பிறந்தது; கைங்கரியம் நிலைத்தமையால் கோயில் மீண்டது. கல் மனிதனுக்குக் கைமுறையைத் தருகிறது. கல் வீழ்ந்த நாளில் அக்கைமுறையே கல்லை மீட்கிறது. முன்பு இராமாநுசர் கோயிற் பணிகளைப் பத்துக் கொத்தாக வகுத்து, ஒவ்வொரு பணியையும் உரிய கைகளில் ஒப்புவித்தார் என்று கோயிலொழுகு உரைப்பதன் பயன் இந்நிகழ்ச்சியில் நன்கு விளங்குகிறது.

1987ஆம் ஆண்டின் இரு வரவுகள்

தெற்கு வாயிலில் விசயநகர காலத்தில் தொடங்கப்பெற்று, நிலைக்கால்களோடு நின்றுபோன கோபுரத்தை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றே வழங்கினர். நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1979ஆம் ஆண்டில் அஹோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் அதை நிறைவேற்றும் பணியை மேற்கொண்டார். பழைய கருங்கல் அடித்தளத்தின்மேல் புதிய காலத்துக் கட்டுமான நுட்பத்தால் பதின்மூன்று நிலைகள் எழுந்தன. 236 அடி உயரம் கொண்ட இராசகோபுரத்திற்கு 1987 மார்ச் 25ஆம் நாள் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாகி, "வருக" என்று வெளியே அழைக்கும் கட்டடம் அது.

அதே 1987ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாடெங்கும் மக்கள் அவ்வேளையில் வீட்டிற்குள் கூடினர். பெட்டியின் முன் கற்பூரம் ஏற்றினோரும் உண்டு. அது "உள்ளே வருக" என்று அழைக்கும் கருவி.

இரண்டும் பக்திக்குத் துணைசெய்தவையே. ஒன்று மக்களை வீதிக்கு அழைத்தது. மற்றொன்று கூடத்திற்கு அழைத்தது. இரண்டு திங்கள் இடைவெளியில் வந்த இவ்விரண்டுள் அன்றாட வாழ்வை மிகுதியாக மாற்றியது எது என்று கேட்டால், 236 அடி உயரக் கோபுரத்தை விடவும் ஒருமுழப் பெட்டியே என்று விடை கூறவேண்டியிருக்கும். வரும்போது ஆரவாரமின்றி வரும் கருவியையே மிகுந்த விழிப்போடு நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

உரைகல்

புதிய கருவிகளை ஒருங்கே வெறுப்பதும் பேதைமை. ஒருங்கே ஏற்பதும் பேதைமை. இதுகாறும் கண்டவற்றால் ஓர் உரைகல் கிடைக்கிறது. ஒரு கருவி கைங்கரியம் செய்யும் கைகளைப் பெருக்குகிறதா, அன்றிக் கைகளை அகற்றிவிட்டுக் கைங்கரியத்தின் தோற்றத்தை மட்டும் நிறுத்துகிறதா என்பதே அவ்வுரைகல்.

அச்சுக்கலையை இதில் உரைத்துப் பார்க்கலாம். ஓலைச்சுவடியில் ஒருசிலர் இல்லத்தில் இருந்த வியாக்கியானங்கள் அச்சேறின. காஞ்சீபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் திவ்யார்த்த தீபிகை முதலிய உரைகளை எளிய நடையில் எழுதி வெளியிட்டார். அதனால் பிரபந்தம் சேவிப்போர் பெருகினர். ஏட்டை வாசிக்கும் கண்களும் கைகளும் பல்கின. ஆகவே அது கொள்ளத்தக்கது.

ஒலிபெருக்கியை உரைத்துப் பார்க்கலாம். உயிருள்ள கோஷ்டியின் குரலைக் கடைசி வரிசையில் நிற்கும் முதியவருக்குச் சேர்க்கும்போது அது தொண்டு செய்கிறது. கோஷ்டி இல்லாத இடத்தில் பதிவுசெய்த பாசுரத்தை மட்டும் முழக்கும்போது, கோஷ்டி இல்லாத குறையையே அது மறைத்துவிடுகிறது. கருவி ஒன்றே, பயன் இரண்டு.

மின்சார மேளத்தை உரைத்துப் பார்க்கலாம். விசையை அழுத்தினால் முரசும் மணியும் தாமே முழங்கும் அப்பெட்டி, இன்று சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் உள்ளது. மேளக்காரருக்குச் சம்பளம் தர வருவாய் இல்லாத கோயிலில் அதைக் குறைகூறல் எளிது. மாற்று உரைத்தல் அரிது. ஆயினும் ஆண்டுகள் சில சென்றபின் அவ்வூரில் நாகசுரம் வாசிக்க ஒருவரும், தவிலைத் தொட ஒரு சிறுவனும் இல்லாதொழிவர். பெட்டி பழுதானால் கடையில் வேறு பெட்டி கிடைக்கும். மேளக்காரர் மரபு பழுதானால் எக்கடையில் கிடைக்கும்?

திருப்பணியையும் இவ்வாறே காணலாம். திருவரங்கத்தில் 2015ஆம் ஆண்டு நிறைவுற்ற திருப்பணியில் பிற்காலத்து அடைப்புக்கள் பல நீக்கப்பட்டு, பழைய மழைநீர் வடிகால்களும் சீர்செய்யப்பட்டன. அப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. புதிதாக ஒன்றைக் கட்டியதற்காக அன்று. முன்னோர் கைமுறையைத் தேடிக் கண்டு மீண்டும் இயங்கவைத்ததற்கே அப்பெருமை என்பது கருதற்பாலது.

நிறைவுரை

கட்டடமும் கருவியும் மனிதனை ஆக்குகின்றன என்பது உண்மை. அவை அவனை ஆக்கும் வழி, அவன் கைக்குக் கொடுக்கும் பணியே என்பது அதனுள் அடங்கிய நுட்பம். பணி இருக்கும் கையில் மரபு இருக்கும். பணி இழந்த கை வேடிக்கை பார்க்கும் கண்ணாக மாறும். வேடிக்கை பார்ப்போர் பல்லாயிரவர் கூடினும், ஓர் ஈரங்கொல்லி செய்த தொண்டை அவர்கள் செய்யவியலாது.

ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் கோயிலை ஆளும் பெரியோர் புதிய ஒன்றைக் கொணருமுன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்வாராக: "இதனால் எந்தக் கைக்கு வேலை போகிறது? அக்கைக்கு வேறு எந்தக் கைங்கரியத்தைத் தருவது?" இல்லறத்தார் புதிய வீடு கட்டுங்கால், திண்ணை இல்லாவிடினும் வழிவந்தோர் அமர ஒரு படியாவது வாயிலில் விடுவாராக. தாய்மார் தேர்நாளன்று குழந்தையை மாடியிலிருந்து காட்டுவதோடு அமையாமல், வீதிக்கு அழைத்துவந்து வடத்தில் ஒருமுறை கைவைக்கச் செய்வாராக.

அச்சிறு கையால் தேர் நகரப்போவதில்லை. ஆனால் சித்திரை வீதி என்று தன் ஏட்டில் எழுதும்போது, அப்பெயரின் பொருளை அக்கை அறிந்திருக்கும்.